கட்டைவிரல் துணி

அப்பாவின் விரலில் ஊசி இறங்கவில்லை.

எங்கள் கல்லூரி ரத்ததான முகாமில் நான் ஹீமோகுளோபின் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அப்பா. கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, தலை வழிய எண்ணெய், வகிடு எடுத்த சீவல். இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, மண்டபத்தின் மேற்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அவர் முதலில் பார்ப்பது சீலிங்கைத்தான்.

லான்செட் என்பது பிளேடின் மூலையைக் கத்தரித்து எடுத்தது போன்ற சின்ன எஃகு முனை. காலையிலிருந்து எத்தனையோ விரல்களில் அதைக் குத்தியிருந்தேன். சிலர் "ஸ்ஸ்" என்றார்கள். ஆறடி உயர ஃபிசியோதெரபி மாணவன் ஒருவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் அம்மாவைக் கூப்பிட்டான். அப்பாவின் நடுவிரலில் குத்தினேன். வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

"குத்திட்டியா?" என்றார் அப்பா.

"குத்திட்டேன்."

"ஒண்ணுமே தெரியலையே."

அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, அச்சு தயார் செய்கிற வேலை. முப்பது வருஷ சிமெண்ட் அந்த விரல்களுக்குக் கவசம் மாட்டியிருந்தது.

எனக்குக் கவலை அந்த விரல் இல்லை. கட்டைவிரல்தான். மண்டபத்தின் அந்தக் கோடியில் என் சிநேகிதி ப்ரிசில்லா மைக் இல்லாமலே கத்திக்கொண்டிருந்தாள்: "தம்ப் வைங்க! தம்ப் வைக்காம யாரும் ஓடக் கூடாது!"

அப்பாவை அவள் பக்கம் போகவிடாமல் பஸ் ஏற்றிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வேலை அதுதான் என்று சொல்லலாம்.

கோட்டைப் பார்த்தால் ஆள் தெரியும்

போன வாரம் எங்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஹொசூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'சாம்பார் இருக்கட்டும், நீ அங்கே என்னதான் படித்தாய்?' நியாயமான கேள்வி.

மெடிக்கல் லேப் டெக்னாலஜி. டாக்டர் சீட்டு எழுதியதும் நீங்கள் ஒரு சின்ன ஜன்னல் முன்னால் போய்க் கையை நீட்டுவீர்கள் இல்லையா, அந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள் நாங்கள். எங்கள் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஊசி வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கும்.

எங்கள் பெங்களூரு வளாகத்தில் மருத்துவம், பல் மருத்துவம், நர்ஸிங், ஃபிசியோதெரபி, லேப் எல்லாம் ஒரே கேட்டுக்குள். எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டுதான். ஆனால் கேண்டீன் வரிசையில் பின்னால் நின்றே யார் எவர் என்று சொல்லிவிடலாம். மருத்துவ மாணவர்கள் கோட்டைத் தோளில் போட்டிருப்பார்கள். ஸ்டெதஸ்கோப் மட்டும் கழுத்தைவிட்டு இறங்காது. பல் மருத்துவக் கோட்டில் கிராம்பு எண்ணெய் வாசனை. ஃபிசியோ பையன்கள் கையைச் சுருட்டி விட்டிருப்பார்கள், புஜம் தெரிய வேண்டுமே. எங்கள் கோட்டில் ஊதாக் கறை. கிருமிகளுக்குப் பூசும் சாயம், எந்த சோப்புக்கும் போகாது. முதல் வருஷம் அந்தக் கறையை மறைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து அது தெரிகிற மாதிரி நடந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன்.

ப்ரிசில்லா முதல் நாளே எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. அவள் குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபத்தில் இங்கிலீஷ். தமிழில் படிக்க மட்டும் கொஞ்சம் திணறுவாள். பைபிளும் கீர்த்தனைப் புத்தகமும் தவிர வேறு எதையும் தமிழில் படித்ததில்லை. வருகைப் பதிவில் "E. ரேவதி" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து உட்கார்ந்ததும் காதில் கேட்டாள்.

"E-ன்னா என்ன மேன்? எலிசபெத்தா?"

"இல்ல."

"எஸ்தர்?"

"இல்ல."

"எமிலி ரேவதி! செம்மயா இருக்கு."

நான் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. மூன்று வருஷமாக வாரத்துக்கு ஒரு பெயர் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் சலிக்காமல் யோசிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வாயைத் திறக்கவே இல்லை.

ஹெப்பெட்டு பட்டெ

வருஷத்துக்கு ஒருமுறை வளாகத்தில் விழா. கன்னடத்தில் திருவிழாவுக்கு ஹப்பா என்று பெயர். நாங்களும் ஹப்பா என்றே சொல்வோம். மற்ற கல்லூரிகளில் கோலப் போட்டி என்றால் மயில் போடுவார்கள். எங்கள் நர்ஸிங் பெண்கள் இருதயம் போடுவார்கள், நான்கு அறை, வால்வுகளோடு. நீலப் பொடி ஒரு பக்கம், சிவப்புப் பொடி ஒரு பக்கம். யாராவது மிதித்துவிட்டால் "ஹார்ட் அட்டாக்! ஹார்ட் அட்டாக்!" என்று கத்துவார்கள்.

அந்த நாட்களில் கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பி.பி. பார்க்க வருவார்கள். காய்கறி வண்டிக்காரம்மா சர்க்கரை பார்த்துக்கொண்டு, ரிப்போர்ட் நார்மல் என்று தெரிந்ததும் நேராக ஜிலேபிக் கடைக்குப் போவார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பல் மருத்துவக் கூடாரத்தில் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். முன்னால் போனால் புது பிரஷ் கிடைக்கும் என்று பின்னால் இருப்பவனும் வாயை மூட மாட்டான்.

கடைசி நாள் ரத்ததான முகாம். அது எங்கள் லேப் துறையின் பொறுப்பு. வருஷம் முழுக்க ஜன்னலுக்குள் இருக்கும் எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் மேடை.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் கொடுத்து முடித்தவர்கள், சுவரில் கட்டியிருக்கும் பெரிய வெள்ளைத் துணியில் கட்டைவிரலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து வைப்பார்கள். பேராசிரியர், மாணவர், வாட்ச்மேன், பால்காரர் எல்லோரும். சாயங்காலம் ஆனால் துணி முழுக்கச் சிவப்புப் பூ பூத்த மாதிரி இருக்கும். அப்புறம் அடுத்த ஹப்பா வரைக்கும் ரத்த வங்கி வராந்தாவில் அது தொங்கும். அதற்கு எங்கள் பையன்கள் வைத்திருந்த பெயர் 'ஹெப்பெட்டு பட்டெ'. கட்டைவிரல் துணி.

கன்னடத்தில் ஹெப்பெட்டு என்றால் கட்டைவிரல். படிக்காதவரைத் திட்டுவதற்கும் அதே வார்த்தைதான். நம் ஊரில் 'கைநாட்டு' என்பார்களே, அதே தொனி, அதே உதட்டுச் சுளிப்பு.

இறுதி ஆண்டில் நானும் அமைப்புக் குழுவில் இருந்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "இந்த வருஷம் தம்ப் வேணாம். கையெழுத்து வாங்கலாம்."

ஏதோ இட்லிக்கு ஜாம் தொட்டுக்கொள்ளலாம் என்று சொன்ன மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் மேன்?" என்றாள் ப்ரிசில்லா.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை மைசூர்பாகு தின்றுகொண்டிருக்கும் இருபது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "சாயம் போக மாட்டேங்குது. டென்டல் ஸ்டூடண்ட்ஸ் சிவப்பு விரலோட பேஷண்ட் வாயில கை வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"நாங்க க்ளவ்ஸ் போடுவோம்" என்றான் பல் மருத்துவப் பிரதிநிதி, ரொம்ப மரியாதையாக.

தீர்மானம் தோற்றது. துணிப் பொறுப்பை ப்ரிசில்லாவிடம் கொடுத்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் மேசை.

தலையில் துடைத்த மை

ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது சந்தாபுராவில் ஒரு வங்கிக்கு அப்பாவோடு போனேன். கணக்குத் திறக்க. கவுண்ட்டரில் இருந்தவர் "கையெழுத்தா, நாட்டா?" என்று கேட்கக்கூட இல்லை. அப்பாவின் கையைப் பார்த்தார். பிடித்து இழுத்தார். ரப்பர் ஸ்டாம்ப்பை எடுப்பது போல அந்தக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்து எடுத்து, ஊதா மையில் அமுக்கி, காகிதத்தில் அமுக்கி, விட்டுவிட்டார். அந்த நேரமெல்லாம் அவர் பக்கத்து மேசைக்காரரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

மையைத் துடைக்க ஒன்றும் தரவில்லை. அப்பா கையைத் தூக்கித் தன் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். ரொம்ப நாள் பழகிய கை. என்னைப் பார்க்காமல் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து வைத்தேன். "ப்பா, உன் பேரு நாலே எழுத்து. ஏ, ழு, ம, லை. அவ்ளோதான்."

"அந்த ரெண்டாவது எழுத்து இன்னா கண்ணு, பாம்பு மாதிரி இருக்குது?"

"அதை மட்டும் நல்லாப் போட்டுட்டா மத்ததெல்லாம் ஈஸி."

ஈஸியாக இல்லை. அவர் கை நோட்டின் கோடுகளுக்குள் அடங்கவில்லை. பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் கொடுத்தேன், காகிதம் கிழிந்தது. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பாடத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். செங்கல் துண்டை எடுத்து சென்ட்ரிங் பலகைமேல் எழுத ஆரம்பித்தார். அங்கே கோடு இல்லை, ஓரம் இல்லை. தோளிலிருந்து கையை வீசி, ஆள் படுக்கிற அளவுக்கு ஒவ்வோர் எழுத்து.

மேஸ்திரி கேட்டாராம்: "இன்னா ஏழுமலை, பில்டிங்கை உன் பேருக்கே எழுதிக்கினியா?"

அந்தப் பலகைகளின்மேல்தான் கான்கிரீட் ஊற்றினார்கள். பலகையைப் பிரித்தபோது சீலிங்கில் மங்கலாகச் சிவப்பில் அந்த எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தனவாம், இடவலம் மாறி. அப்புறம் பூச்சு வேலைக்காரர்கள் வந்து மூடிவிட்டார்கள். எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், ராத்திரி படுக்கும்போது மேலே பாருங்கள். பூச்சுக்கு அடியில் என் அப்பா பெயர் இருக்கலாம்.

கையெழுத்து வந்துவிட்டது. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கையெழுத்து என்றால் அப்படித்தான் முடிய வேண்டும் என்று நானே கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அப்பா எங்கேயும் விரல் வைப்பதில்லை. கூரியர்காரரிடம்கூட "பேனா குடு" என்பார்.

ரேஷன் கடையில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன மெஷின். விரலை வைத்தால்தான் அரிசி. வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தார். திரும்பவும் சிவப்பு. "அண்ணா, உங்க கையில ரேகையே இல்ல" என்றார் கடைக்காரர். எல்லாம் சிமெண்ட் தின்றுவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் திருடப் போனா போலீஸ்காரன் பாடு திண்டாட்டம்தான்."

அம்மா சிரிக்கவில்லை. நானும்.

ஏறாத ரத்தம்

அப்பா எதற்கு முகாமுக்கு வந்தார்? அது என் ரத்தத்தால் வந்த வினை.

தானம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும். எனக்கு இருக்காது. முதல் வருஷம் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் வருஷமும். அடுத்தவர் ரத்தத்தை எல்லாம் அளக்கிறவள், தன் ரத்தம் குறைவு என்று திரும்பி வருவது எப்படி இருக்கும்! இறுதி ஆண்டில் எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று சபதம். மாதக்கணக்கில் முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, பேரீச்சம்பழம், ஈரல் வறுவல். லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா தட்டு நிறையக் கீரையைக் கொட்டிவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"ரத்தம் குடுக்கப் போறாளாம், ரத்தம். இவ உடம்புக்கே பத்தல" என்று அம்மா அப்பாவிடம் முறையிடுவார்.

முகாமுக்கு முந்தின வாரம் லேபில் என் விரலை நானே குத்திப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். அவ்வளவு கீரையும் எங்கே போனதோ. வீட்டுக்கு போன் செய்து, முகாமும் இல்லை ஒன்றும் இல்லை என்று கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன்.

அப்பா போனை வாங்கினார். "உனக்கு இல்லைன்னா இன்னா, எனக்குக் கீதே. நம்ம வூட்டு சார்பா நான் வந்து குடுக்கறேன்."

"வேணாம்ப்பா. ரெண்டு பஸ் மாறணும்."

"பெங்களூரு பூரா பில்டிங் கட்டினவனுக்கு வழி சொல்றியா?"

அதற்கு மேல் என்ன சொல்வது? வராதே, அங்கே எல்லோரும் கைநாட்டு வைப்பார்கள் என்றா?

மறுபடி மேசைக்கு

புது லான்செட் எடுத்தேன். இந்தத் தடவை மோதிர விரலின் பக்கவாட்டில், நகத்துக்கு அருகில், தோல் கொஞ்சம் இளகியிருந்த இடத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினேன். ஒரு மணி ரத்தம் எட்டிப் பார்த்தது, கரும்சிவப்பாக, கெட்டியாக. மீட்டர் பதினைந்து காட்டியது.

"பாஸா?" என்றார் அப்பா.

"பாஸ்."

"எத்தினி?"

"பதினஞ்சு."

"உன்து?"

"போப்பா."

அடுத்தது டாக்டர் மேசை. அங்கே ஒரு பயிற்சி மருத்துவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் காமாலை வந்ததா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. நான் என் மேசையிலிருந்தே ஒரு காதை அங்கே வைத்திருந்தேன்.

"நேத்து குடிச்சிருக்கீங்களா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். "நேத்து இல்ல சார்."

"முந்தாநாள்?"

"நேத்தைப் பத்தித்தான கேட்டீங்க?"

பயிற்சி மருத்துவர் சிரித்துவிட்டார். நல்ல பையன்தான். ஆனால் எல்லாம் எழுதி முடித்ததும் அப்பாவின் கையை ஒரு பார்வை பார்த்தார். மேசை ஓரத்திலிருந்த ஊதா மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினார்.

"அண்ணா, இல்லி ஹெப்பெட்டு ஒத்தி."

இங்கே விரல் வையுங்கள் என்கிறார். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அப்பா மைப்பெட்டியை மூடி, வந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தார்.

"பேடா சார். பென் கொடி."

வேண்டாம், பேனா கொடுங்கள். நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நான்கு எழுத்தையும் எப்படியோ அடைத்தார். கோடு. புள்ளிகள் கட்டத்துக்கு வெளியே விழுந்தன. பயிற்சி மருத்துவர் "சாரி அண்ணா" என்று முணுமுணுத்தார். அப்பா அதைக் காதில் வாங்காதவர் போல எழுந்து கட்டிலுக்குப் போனார்.

ஒன்றைத் தாண்டியாயிற்று. பெரியது இன்னும் பாக்கி.

பேனா கூடாது

என் திட்டம் சுலபமானது. அப்பா ரத்தம் கொடுத்து, பழச்சாறு குடித்து முடித்ததும், பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிடுவது. வரிசையில் இருந்தவர்களை வேகவேகமாகக் குத்தித் தள்ளிவிட்டு, மேசையை ஒரு ஜூனியரிடம் விட்டுவிட்டு வந்தபோது அப்பா நாற்காலியில் இல்லை. காலி டம்ளர் இருந்தது. கூடக் கொடுத்த பிஸ்கட் பொட்டலம் அவர் சட்டைப் பையில், அம்மாவுக்கு. அவர் மண்டபத்தின் அந்தக் கோடியில் துணிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

ப்ரிசில்லா கேண்டீனிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டிருந்தாள். அதில் ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்ச் முழுக்கச் சிவப்பு.

"வாங்க அங்கிள், வாங்க! தம்ப் வைங்க."

"இன்னாம்மா இது?"

"ரத்தம் குடுத்தவங்க எல்லாரும் வெப்பாங்க அங்கிள்."

நான் ஓடிப்போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன். பஞ்சு ஒட்டியிருந்த இடது கை, சட்டென்று விட்டேன். "ப்பா, வா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"உங்க அப்பாவா?" ப்ரிசில்லாவின் முகம் மலர்ந்தது. "ஹலோ அங்கிள்! இவ சும்மா சொல்றா, பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு. குடுத்தவரு வெக்காம போவாரா? என்ன மேன் நீ!"

அப்பா துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்றுக்கணக்கில் விரல்கள். ஒவ்வொன்றிலும் ரேகை சுழிசுழியாக, அழுத்தமாக.

"கைநாட்டு" என்றார், மெதுவாக. கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. "இதெல்லாம் யாரு வெச்சது?"

ப்ரிசில்லா விரலால் காட்டினாள். "இது டீன் மேடம். இது சர்ஜரி சார். இது என்னோடது. இவங்கல்லாம் எம்.டி. ஸ்டூடண்ட்ஸ்."

"டாக்டருங்களா?"

"ஆமா அங்கிள்."

"படிச்சவங்கதான? எதுக்கும்மா கைநாட்டு வெக்கறாங்க?"

ப்ரிசில்லா தோளைக் குலுக்கினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். "ஜாலிக்கு அங்கிள்."

"ஜாலிக்கு" என்று அப்பா திரும்பச் சொன்னார். வாயில் போட்டு மென்று பார்க்கிற மாதிரி சொன்னார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கை தலைமுடிக்குப் போவதை இன்னொரு தடவை, அதுவும் என் வளாகத்தில், என் கோட்டைப் போட்டுக்கொண்டு பார்க்க என்னால் முடியாது. பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது.

"பேனா இருக்குதாம்மா?" என்றார் அப்பா.

"பேனா கூடாது அங்கிள். கட்டைவிரல் மட்டும்தான். ரூல்."

அப்பா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழுவழுவென்று, ஒன்றும் இல்லாத விரல். அப்புறம் துணியைப் பார்த்தார். அடியில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் அகலமாக ஓர் இடம் காலியாக இருந்தது, சாயங்காலம் வருகிறவர்களுக்காக.

"கட்டைவிரல்தான?"

"ஆமா."

"எங்க வேணா வெக்கலாமா?"

"எங்க வேணா வைங்க அங்கிள்."

அப்பா விரலை ஸ்பாஞ்சில் அடிவரைக்கும் அமுக்கி எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவர் ஓரம் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்தார். பலகைமேல் உட்காருகிற அதே உட்காரல். துணியில் விரலை வைத்தார்.

வைத்த விரலை எடுக்கவில்லை. இழுத்தார்.

தோளிலிருந்து கை போயிற்று. ஒரு முழத்துக்கு 'ஏ'. மறுபடி தட்டில் தோய்த்தார். பாம்பை வளைத்து வளைத்து இழுத்தார்.

"அங்கிள்! அங்கிள், இடம்!" ப்ரிசில்லா தட்டோடு அவர் பின்னாலேயே நகர்ந்தாள்.

"இரும்மா. இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி."

வரிசையில் யாரோ, "அங்க யாரோ பேனர் எழுதறாங்கப்பா" என்றார்கள். மருத்துவ மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, சாயம் சிந்தாமல் இருக்கத் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. 'ம' போட்டார். 'லை' போட்டார். நகர்ந்து திரும்ப முதலுக்கு வந்து, அடியில் ஒரே இழுப்பாகக் கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் இரண்டும்தான் அவர் வைத்த விரல் அடையாளம். ரேகை இல்லாத, சுத்தமான சிவப்பு வட்டங்கள்.

எழுந்தார். கை பழக்கத்தில் தலைப்பக்கம் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. பார்த்தார். கீழே இறக்கினார்.

"இந்தாங்க அங்கிள், துடைச்சுக்கங்க" என்று ப்ரிசில்லா ஈரப்பஞ்சை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா" என்றார் அவளிடம். "உங்கம்மாவுக்குக் காட்டணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு பஸ் எங்க?"

சட்டையில் படாமல் விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார். வண்டி திரும்பும்வரைக்கும் ஜன்னலில் அந்தச் சிவப்பு விரல் தெரிந்தது.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், அமைப்புக் குழுவினர் எல்லோரும் துணிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். அதுவும் வழக்கம், எல்லோரும் சிவப்பு விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். என் விரலில் சிவப்பு இல்லை. இருந்தும் நான் போய் நட்டநடுவில், கீழ் வரிசையில் உட்கார்ந்தேன்.

"ரேவ், நீ ஓரமா வா மேன். உன் தம்ப் இதுல இல்லையே" என்று ப்ரிசில்லா என்னைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தாள். உட்காரும்போதுதான் அந்த எழுத்துகளை ஒழுங்காகப் பார்த்தாள். சர்ச்சில் வசனம் படிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"ஏ... ழு... ம... லை."

ஒரு நிமிஷம் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏய்! இதுதான் அந்த E-யா?"

"ஆமா. தம்ப் இல்ல, இனிஷியல் இருக்கு" என்றேன். "பேரு மறையுது, நகரு."